நம்ம குடும்பம் வாட்ஸ்அப் குரூப்: அண்ணனுக்குக் கொரோனா, எட்டாவது நாள் ராத்திரி

செவ்வாய், 11 மே 2021

பெரியப்பா (இரவு 10:41): [பலமுறை பகிரப்பட்டது] மூச்சை 10 நொடி அடக்குங்கள். இருமல் வராவிட்டால் கொரோனா இல்லை! எல்லா குரூப்புக்கும் அனுப்பவும் 🙏

அக்கா: பெரியப்பா, இது போன வருஷமே சுத்துனது. உலக சுகாதார நிறுவனம் அப்பவே தப்புன்னு சொல்லிடுச்சு. இதை நம்பி ஒருத்தர் டெஸ்ட் எடுக்காம இருந்துட்டா?

பெரியப்பா: நல்லதுன்னு நெனச்சுதான்மா போட்டேன். ஒவ்வொரு குரூப்பா அனுப்பி விரலே வலிக்குது

நான்: 😂 ரொம்ப சுத்துன மெசேஜ் ஒரு தடவைக்கு ஒரு சாட்டுக்குத்தான் போகும்னு 2020 ஏப்ரல்ல வாட்ஸ்அப் கட்டிப் போட்டதே அதுக்குத்தான். நீங்க அசரவே இல்ல

சித்தி: அதெல்லாம் இருக்கட்டும். தனி ரூம்ல இருக்குற தம்பிக்கு ஆக்சிஜன் எவ்வளவு?

அண்ணி (10:50): 96 அத்தை. 10:30க்கு 97. 10:10க்கு 95. நோட்டுல எழுதி வச்சிருக்கேன்

அக்கா: 20 நிமிஷத்துக்கு ஒருக்காவா அண்ணி?

அண்ணி: 94க்குக் கீழ போனா கூப்பிடுங்கன்னு டாக்டர் சொன்னாரு. 95ஐப் பாத்ததும் கை நடுங்கிடுச்சு

அக்கா: விரல்ல மாட்டுற அந்த ஆக்ஸிமீட்டர் ரெண்டு பாயின்ட் முன்னப்பின்ன காட்டத்தான் செய்யும். விரல் சில்லுன்னு இருந்தாலோ, நகப்பூச்சு இருந்தாலோ தப்பாவும் காட்டும். அஞ்சு நிமிஷம் சும்மா உக்காந்த பிறகு பாருங்க, ஒரு நாளைக்கு மூணு தடவை போதும். பேசும்போதே மூச்சு வாங்குது, உதடு நீலமாகுது, பேச்சு குழறுதுன்னா மட்டும் நம்பரைப் பாக்காம உடனே ஆஸ்பத்திரி

அண்ணன்: சொல்லு சொல்லு. நேத்து ராத்திரி ரெண்டு மணிக்குக் கதவைத் தட்டி விரலை நீட்டச் சொல்றா

அண்ணி (10:58): இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அண்ணன்: நான் படிச்சுட்டேன்

அண்ணன்: சாரிடி

சித்தி: என்ன போட்டா?

நான்: விடுங்க சித்தி. அண்ணி, சாப்பிட்டீங்களா?

அண்ணி (11:06): மத்தியானம் சாப்பிட்டேனா இல்லையான்னு யோசிச்சுக்கிட்டே இருக்கேன். நெஜமாவே ஞாபகம் இல்ல. இன்னைக்கு 14 போன் வந்துச்சு. 14 பேருக்கும் அதே பதில். வச்சதும் நியூஸ் பாப்பேன், அப்புறம் விரல்ல மாட்டிப் பாப்பேன்

அக்கா: 🎤 "அண்ணி, வார்டு வாசல்ல நின்னுதான் பேசுறேன். போன வருஷம் மார்ச்ல உலக சுகாதார நிறுவனம் ஒரு குறிப்பு போட்டுச்சு. செய்திய ஒரு நாளைக்கு ஒண்ணு ரெண்டு தடவை, நேரம் வச்சுப் பாருங்க. எங்கள மாதிரி ஆஸ்பத்திரியில வேலை பாக்குறவங்க உடம்பைப் பாக்குற மாதிரியே மனசையும் பாத்துக்கணும்னு. படிச்சுட்டு சிரிச்சேன், எங்களுக்கு எங்க நேரம்னு. ஒரு நாள் ஒரே பேஷன்ட் பேரை மூணு சார்ட்ல எழுதிட்டேன். சிஸ்டர் ஒருத்தங்க பாத்தாங்களோ, தப்பிச்சேன். அன்னையிலேருந்து டியூட்டி முடிஞ்சா பத்து நிமிஷம் படிக்கட்டுல உக்காருவேன். ரெண்டு காலையும் தரையில நல்லா ஊனி, மூச்சை மெதுவா விட்டு, கண்ணுல படுற அஞ்சு பொருளை மனசுக்குள்ள சொல்லுவேன். பயம் ஒண்ணும் ஓடிடாது. கை மட்டும் நடுங்காது."

பெரியப்பா: நாங்களும்தான் போன் போட்டுப் போட்டு அவளைப் படுத்தியிருக்கோம்

நான்: இனி எல்லாரும் எனக்குப் போடுங்க. காலைல 7, ராத்திரி 8, அண்ணனே குரூப்ல நம்பர் போடட்டும். விரல் அவரோடதுதானே

அண்ணன்: சரி மேடம்

அக்கா: அண்ணி, குரூப்பை 8 மணி நேரம் மியூட் பண்ணுங்க. போன் சத்தம் மட்டும் இருக்கட்டும். அண்ணா, மூச்சுக்கு ஏதாவதுன்னா உடனே அண்ணிக்குப் போன் அடி, கௌரவம் பாக்காத

அண்ணி (11:24): நோட்டை என்ன பண்ண?

அக்கா: கதவுக்கு அடியில தள்ளி விடுங்க. அண்ணா எழுதட்டும்

அண்ணன் (11:25): வந்துடுச்சு. யப்பா, மூணு பக்கம்!

அண்ணன் (11:52): ஹால்ல குறட்டை கேக்குது

சித்தி: 🙏🙏

புதன், 12 மே 2021

பெரியப்பா (காலை 6:02): இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அண்ணன் (7:00): 97. அவ இன்னும் எந்திரிக்கல