மரைன் டிரைவ் காற்றுக்கு எந்த ட்ரைபாட்? மும்பைக்காரர்கள் அனுபவம்

செம்பூரிலிருந்து:

ட்ரைபாட் (கேமராவை நிறுத்தும் முக்காலி) வாங்கக் கடைக்குப் போனதும் "எத்தனை கிலோ தாங்கும்?" என்றுதான் முதலில் கேட்கிறோம். அந்த எண்ணை ஒவ்வொரு கம்பெனியும் தன் போக்கில் அளந்து போடுகிறது. ஒடிந்து விழாது என்று வேண்டுமானால் அதை வைத்து நம்பலாம், ஆடாது என்று நம்ப முடியாது. நமக்கு வேண்டியதோ மாலை மங்கியபின் ஷட்டர் 20 விநாடி திறந்திருக்கும் எக்ஸ்போஷரில் ஆடாமல் நிற்கும் கால்.

இதைக் கடையிலேயே பார்த்துவிடலாம். நடுத்தண்டை ஏற்றாமல் மூன்று கால்களையும் முழுக்க நீட்டுங்கள். உங்களிடம் இருப்பதிலேயே நீளமான லென்ஸை மாட்டி, லைவ் வியூவை (கேமரா ஸ்கிரீனில் தெரியும் காட்சி) 10 மடங்கு பெரிதாக்கி, எதிர்க்கடை போர்டில் ஓர் எழுத்தின் மேல் ஃபோகஸ் வையுங்கள். இப்போது ஒரு காலை விரலால் சுண்டுங்கள். நடுக்கம் சட்டென்று அடங்கினால் வாங்கலாம். எழுத்து இரண்டு மூன்று விநாடி துடித்துக்கொண்டே இருந்தால், பெட்டியில் 15 கிலோ என்று போட்டிருந்தாலும் வேண்டாம்.

உயரக் கணக்கு எளிது. 170 செ.மீ. ஆளுக்குக் கண்மட்டம் சுமார் 160. ஹெட்டுக்கு (காலின் மேல் கேமராவைப் பிடிக்கும் தலைப்பகுதி) 10, வியூஃபைண்டர் வரை கேமராவுக்கு இன்னொரு 10 கழித்தால், கால் மட்டும் 140 இருந்தால் போதும். நடுத்தண்டை ஏற்றினால்தான் அந்த உயரம் வரும் என்கிற மாடலைத் தொடாதீர்கள். ஏற்றிய பிறகு கேமரா நிற்பது ஒரே தண்டின் மேல்தான். நான்கு அடுக்குக் கால் லோக்கல் ரயிலில் கொண்டுபோக வசதி. ஆனால் கடைசிக் குழாய் சுண்டுவிரலைவிட மெல்லிசாக இருந்தால் கடற்காற்றுக்கு நிற்காது.

மாட்டுங்காவிலிருந்து:

செம்பூர் அண்ணா காலைச் சொல்லிவிட்டார், நான் ஹெட்டுக்கு வருகிறேன். மலிவான பால் ஹெட்டில் (உருண்டையின் மேல் எல்லாப் பக்கமும் திரும்பும் ஹெட்) ஃபிரேம் வைத்து முறுக்கி இறுக்கியதும் படம் கொஞ்சம் கீழே இறங்கும். 200 மி.மீ. லென்ஸில் அது அப்பட்டமாகத் தெரியும். இறுக்கிவிட்டுக் கையை எடுத்து, ஸ்கிரீனில் விளிம்பு நகர்கிறதா என்று பாருங்கள். கட்டடங்கள்தான் அதிகம் எடுப்பீர்கள் என்றால் மூன்று கைப்பிடி உள்ள பான்-டில்ட் ஹெட்டே மேல். அதில் ஒரு திசையை மட்டும் திருத்தலாம், மற்ற இரண்டும் கலையாது. பால் ஹெட்டில் அடிவானத்தை நேராக்கப் போனால் எல்லாமே கலையும்.

கேமராவின் அடியில் திருகி ஹெட்டில் மாட்டும் பிளேட் ஆர்கா-ஸ்விஸ் வகையாகவே இருக்கட்டும். அகலம் சுமார் 38 மி.மீ. என்றாலும் கம்பெனிக்குக் கம்பெனி நூலளவு வித்தியாசம் உண்டு. லிவர் கிளாம்பில் (நெம்பிப் பூட்டும் பிடி) வேறு கம்பெனி பிளேட் தளர்ந்து உட்காரலாம். திருகு கிளாம்ப் அதற்கேற்ப இறுகிக்கொள்ளும். கேமராவை நிமிர்த்திச் செங்குத்துப் படம் எடுக்கிறவர்களுக்கு ‘L’ வடிவ எல்-பிளேட் அவசியம். இல்லையென்றால் கேமராவின் எடை பக்கவாட்டில் தொங்கி, கால் அங்குலத் திருகு தானாகக் கழலத் தொடங்கும்.

ஐரோலியிலிருந்து:

தாணே கழிமுகத்தில் ஃபிளமிங்கோ எடுக்க 500 மி.மீ. லென்ஸோடு வருகிறவர்களுக்கு பால் ஹெட் சரிப்படாது, கனமான லென்ஸைச் சமநிலையில் தாங்கும் கிம்பல் ஹெட்தான். லென்ஸ் காலரை (லென்ஸைச் சுற்றிய வளையப் பிடி) பிளேட்டில் முன்னும் பின்னும் நகர்த்தி, கையை விட்டாலும் மூக்கு சாயாத இடத்தில் பூட்டுங்கள்.

ஒரு கேள்வி: கடலுக்கு கார்பனா, அலுமினியமா?

கொலாபாவிலிருந்து:

கார்பன் குழாய் துருப்பிடிக்காது என்பது சரி. ஆனால் கால் அடுக்குகளைப் பூட்டும் லாக், திருகு எல்லாம் உலோகம்தானே, உப்பு அங்கேதான் பிடிக்கும். அதனால் பராமரிப்பு இரண்டுக்கும் ஒன்றுதான். பட்ஜெட் குறைவென்றால் மலிவு கார்பனைவிடத் தடித்த அலுமினியம் நல்லது.

தண்ணீரில் நிறுத்தும்போது கடைசி அடுக்கை முதலில் முழுக்க இழுங்கள், லாக் தண்ணீருக்கு மேலே இருக்கும். ஈர மணலில் காலை நன்றாக அழுத்தி இறக்கிய பிறகே ஃபிரேம் வையுங்கள். ஒவ்வோர் அலையும் காலடி மணலை அரிக்கும். கேமரா ஸ்டிராப்பைக் கழற்றிவிடுங்கள், காற்றில் அதன் படபடப்பே படத்தைக் கெடுக்கும். நடுத்தண்டின் அடியில் உள்ள கொக்கியில் பையை மாட்டினால் அடி தரையைத் தொடட்டும், அந்தரத்தில் தொங்கினால் ஊசலாடும்.

ஈரத்தோடு காலை மடக்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, ட்விஸ்ட் லாக்கை (முறுக்கிப் பூட்டும் வளையம்) முழுதும் திருகிக் கழற்றுங்கள். உள்ளே குழாயைக் கவ்வியிருக்கும் பிளாஸ்டிக் பட்டைகள் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கின்றன என்று முதலிலேயே ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். திருகுப் புரியில் உள்ள மணலைப் பழைய டூத் பிரஷ்ஷால் தட்டி, இரவு முழுக்கக் காயவிட்டு, புரியில் மட்டும் கிரீஸ் மெல்லிசாகத் தடவுங்கள். அதிகம் தடவினால் அடுத்த முறை மணல் அதிலேயே ஒட்டும். டபிள்யூ.டி.-40 (துரு நீக்கும் ஸ்பிரே) அடிக்க வேண்டாம், இருக்கிற கிரீஸையும் கரைத்துக்கொண்டு போய்விடும்.