மழைக்காலத்தில் குறி நகர்கிறதா? ஆக்‌ஷனைக் கட்டையில் உட்கார வைத்த அனுபவம்

மன்னார்குடி நண்பர் கேட்டிருந்தார்: பங்குனியில் சரியாகச் சுட்ட .22 ரைஃபிள், ஐப்பசி மழை பிடித்ததும் ஏன் ஒரு பக்கமாக இழுக்கிறது என்று. பாரலை, அதாவது குழலை, சந்தேகப்படும் முன் கட்டையைப் பாருங்கள், அதுதான் துப்பாக்கியின் மர உடல். மரம் நீளவாக்கில் அநேகமாக அசையாது. ஈரம் குடித்தால் குறுக்கே ஊதும். நம் டெல்டாவில் வடகிழக்குப் பருவம் முழுக்க அந்த ஈரம்தான். ஊதிய மரம் பாரலை ஓரிடத்தில் தொட்டாலே போதும், குண்டு விழும் இடம் நகர்ந்துவிடும்.

நான் வேலை கற்பது தஞ்சாவூரில், உரிமம் உள்ள பட்டறையில். (1959 ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவுப்படி துப்பாக்கி பழுதுபார்க்கவும் உரிமம் வேண்டும். தெரிந்த தச்சரிடம் கொடுத்துவிடாதீர்கள்.)

பட்டறை ஐயா எனக்கு முதலில் கொடுத்தது உளி இல்லை, விளக்குக் கரி. எண்ணெயில் குழைத்து ஆக்‌ஷனின் (பாரலுக்குப் பின்னால் தோட்டாவை ஏற்றிச் சுடும் உலோகப் பகுதி) அடியில் மெல்லிசாகப் பூசி, நேராக இறக்கி, நேராகவே தூக்க வேண்டும். மரத்தில் கறுப்பு ஒட்டிய இடம் மேடு. "கறுப்பு விழுந்த இடத்த மட்டும் சுரண்டு தம்பி, பக்கத்துல கை போகக் கூடாது" என்பார். மறுபடி பூசு, இறக்கு, தூக்கு, சுரண்டு. அங்கங்கே புள்ளியாக இருந்த கறுப்பு மெல்ல மெல்லப் பரவிப் படரும். இடைவெளியில் எபாக்சி (இறுகிக் கெட்டியாகும் பிசின்) ஊற்றினால் இதெல்லாம் எதற்கு என்பவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. ஆக்‌ஷன் வளையாமல் உட்காருவது எப்படி இருக்கும் என்பதைக் கரிதான் என் விரலுக்குச் சொல்லிக் கொடுத்தது.

எபாக்சியும் போடுகிறோம். உலோகம் முழுக்க மெழுகு, துளைகளில் களிமண். மெழுகு விட்டுப்போன இடத்தில் ரைஃபிளும் கட்டையும் ஒட்டிக்கொள்ளும், ஆகவே இதில் அவசரம் ஆகாது. ரீகாயில் லக் (சுடும்போது வரும் பின்னுதைப்பைக் கட்டைக்குக் கடத்தும் உலோகப் புடைப்பு) உள்ள பெரிய ரைஃபிள் என்றால் லக்கின் பின்முகம் மட்டும் அழுந்தட்டும். மற்ற பக்கங்களில் டேப் ஒட்டி இடைவெளி விடுகிறோம்.

சோதிக்க ஒரு வழி. முதலில் துப்பாக்கி காலி என்று உறுதி செய்யுங்கள். பாரலும் கட்டையின் முன்நுனியும் சேருமிடத்தில் விரலை வைத்துக்கொண்டு முன் திருகை மெல்லத் தளர்த்துங்கள். பாரல் எழும்புவது விரலுக்குத் தெரிந்தால், திருகு அதுவரை ஆக்‌ஷனை வளைத்துப் பிடித்திருக்கிறது. டயல் கேஜ் வைத்தால் 0.05 மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும்.

*

நாகப்பட்டினத்திலிருந்து: எனக்கும் இதே தொல்லை இருந்தது, நான் பெட்டிங் (ஆக்‌ஷன் கட்டையில் உட்காரும் இடம்) மாற்றவில்லை. கட்டையின் வெளிப்புறம் பளபளவென்று இருந்தது. உள்ளே பாரல் பள்ளமும் பட்பிளேட்டுக்கு (கட்டையின் பின்முனையில் தோளில் படும் தகடு) அடியும் பூச்சே இல்லாத வெறும் மரம். அங்கேதான் கடற்காற்றின் ஈரம் ஏறியிருக்கிறது. பழுதுபார்ப்பவர் கோடையில் நன்றாக உலர விட்டு, உள்ளே முழுக்க வார்னிஷ் கொடுத்தார். இப்போது கார்த்திகையிலும் பாரலுக்கு அடியில் தாள் தடையில்லாமல் ஓடுகிறது.

*

தஞ்சாவூர்: பட்பிளேட் அடியைச் சொன்னது நல்லது, அண்ணே. நரம்பு வெட்டுப்பட்ட முனை அது. ஈரம் அதிகம் உறிஞ்சுவது அந்த வழியாகத்தான். மன்னார்குடிக்காரர் முதலில் அதைக் கழற்றிப் பார்க்கட்டும்.