கோடை லீவில் டிஸ்லெக்ஸியா பையனுக்குக் கோவை கேம்ப் சரிவருமா?

கோத்தகிரி அம்மா:
பையனுக்கு 9 வயது, ஜூனில் அஞ்சாவது போகிறான். டிஸ்லெக்ஸியா, அதாவது எழுத்துக்கூட்டி வாசிப்பதில் சிரமம், கூடவே கவனக்குறைவும் இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாயால் கேட்டால் பாடம் முழுக்கச் சொல்வான், புத்தகத்தைத் திறந்தால் கெ, கொ, கா மூன்றும் அவனுக்கு ஒன்றுதான். கோவையில் மே மாதம் ஒரு கேம்ப் இருக்கிறது, தினமும் பஸ்ஸில் கூட்டிப் போய் வரலாமா? சீசன் நேரம், ஊட்டியிலிருந்து இறங்குகிற வண்டியெல்லாம் நம்ம ரோட்டில்தான் வரும், இவனுக்கோ நாலு வளைவு தாண்டினாலே வாந்தி. மாமியார் லீவிலாவது பிள்ளையைச் சும்மா விடு என்கிறார்.

குன்னூர் டீச்சர்:
வேண்டாங்க. மேட்டுப்பாளையம் போய்ச் சேருவதற்குள் பிள்ளை துவண்டுவிடும், அதுக்கப்புறம் எங்கே படிக்க? வீட்டிலேயே காலையில் 15 நிமிஷம், நன்றாக ஓடியாட விட்டு சாயங்காலம் 15 நிமிஷம் போதும், அவன் ஆர்வமாக இருந்தாலும் அதற்கு மேல் இழுக்காதீர்கள். 'கொ'வில் குழம்புவது நியாயம்தான். காதுக்கு முதலில் கேட்பது 'க்', கை முதலில் எழுதுவது கொம்பு, கால் கடைசியில். தாம்பாளத்தில் ரவையைப் பரப்பி விரலால் எழுதச் சொல்லுங்கள், கொம்பு, க, கால் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதி, முடித்ததும் 'கொ' என்று சேர்த்துச் சொல்லட்டும். முதல் வாரம் கெ, கொ மட்டும். ல, ள, ழ பக்கம் இப்போது போகவே வேண்டாம். கதைப் புத்தகங்களை நீங்களே வாசித்துக் காட்டுங்கள்.

மலைக்காற்று:
எங்க காலத்தில் இதெல்லாம் ஏது? ரெண்டு போட்டால் தானாகப் படிப்பான்.

கூடலூர் அப்பா:
அண்ணா, அப்படி அடி வாங்கியே எட்டாவதோடு நின்றவர்கள் எங்க எஸ்டேட் லைனிலேயே இருக்கிறார்கள். அக்கா, நீங்கள் லீவில் சான்றிதழ் வேலையைப் பாருங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் டிஸ்லெக்ஸியா போன்ற கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கிறது. பத்தாவது பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் என்று கேட்க தனியார் டாக்டர் சீட்டு பத்தாது, அரசு மருத்துவச் சான்று வேண்டும். கண், காது பரிசோதனை, ஐக்யூ டெஸ்ட் எல்லாம் ஒரே நாளில் முடியாது, அலையத்தான் வேண்டும். பள்ளி மூடுவதற்குள் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநரையும் பார்த்துப் பேசிவிடுங்கள். கவனத்துக்கு மாத்திரை கொடுத்திருந்தால், லீவுதானே என்று டாக்டரைக் கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள்.

கோத்தகிரி அம்மா:
சரி, கேம்ப் வேண்டாம். ரெண்டாவது படிக்கிற தங்கச்சியையும் கூட உட்கார வைக்கலாமா டீச்சர்?

குன்னூர் டீச்சர்:
அந்த 15 நிமிஷம் மட்டும் வேண்டாங்க. அவள் முந்திக்கொண்டு சொல்லிவிடுவாள், இவன் வாயே திறக்க மாட்டான்.