காலல் முகில், ஒளியரி: வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு சொல் வேண்டும்

கிளிநொச்சி, ஆசிரியை:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் பாடசாலை வானியல் கழகத்துக்கு ஒரு கையேடு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். இரண்டு சொற்களில் வந்து நிற்கிறேன்.

சிலியில் ஒரு மலையில் இருக்கும் தொலைகாட்டியை இணையம் வழியாக வாடகைக்கு எடுத்து, பிள்ளைகள் காரினா முகிலை, அதாவது விண்வெளியில் ஒளிரும் ஒரு பெரிய வாயுத் திரளைப் படம் பிடிக்கிறார்கள். இங்கே காலை 8 மணி வகுப்பு நடக்கும்போது அங்கே முந்தின நாள் நடுச்சாமத்தை நெருங்குகிறது. அந்த முகில் எங்கள் தெற்கு வானில் 20 பாகை அளவுக்குத்தான் எழும்பும். அங்கே நல்ல உயரத்தில் நிற்கும்.

ஐதரசன் விடும் சிவப்பொளியின் அலைநீளம் 656.3 நனோமீற்றர். அதை ஒட்டி 3 நனோமீற்றர் அகலத்தை மட்டும் போகவிட்டு மீதியை மறிக்கிற கண்ணாடிக்கு என்ன பெயர்? கண்ணுக்குத் தெரியும் ஒளி ஏறத்தாழ 400 முதல் 700 வரை. அதில் 3 மட்டும்! தெருவிளக்கு, நிலவு வெளிச்சம் எல்லாம் பெரும்பாலும் வெளியே நின்றுவிடும். "ஒடுக்கப்பட்டை வடிகட்டி" என்று எழுதினேன். ஒரு பிள்ளை அதை "ஒடுக்கப்பட்ட" என்று வாசித்தாள். வன்னியில் அந்தச் சொல்லின் பாரம் வேறு. அப்புறம் காரினா போலத் தானே ஒளியை விடும் முகிலைக் "காலல் முகில்" என்றால், "முகிலுக்குக் கால் இருக்கா ரீச்சர்?" என்கிறார்கள்.

வவுனியா, மொழிபெயர்ப்பாளர்:

ரீச்சர், காலலை விடுங்கள். "ஒளிர்முகில்" போதும். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரே தடவையில் விளங்க வேண்டும்.

மன்னார், பௌதிகவியல் மாணவன்:

அண்ணா, அதில் ஒரு பிழை வரும். கார்த்திகை வெள்ளிக் கூட்டத்தைச் சுற்றியுள்ள தூசியும் ஒளிரத்தான் செய்கிறது. ஆனால் அது வெள்ளிகளின் ஒளியைத் தெறிக்கிறது, தானாக விடவில்லை. அதை இந்தக் கண்ணாடியால் பார்த்தால் அநேகமாக ஒன்றும் மிஞ்சாது. கையேட்டில் பிள்ளைகள் பிரித்தறிய வேண்டியதே இதைத்தான்.

முல்லைத்தீவு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி சொல்வது சரி. உயர்தரத்தில் "காலல் நிறமாலை" படிக்கப் போகிற பிள்ளைக்கு இன்றைக்கே காலலைக் கொடுங்கள். கால்தல் என்றால் உமிழ்தல், வெளிவிடுதல். நஞ்சு கான்றது என்பது பழைய வழக்கு. வாய்க்காலில் உள்ள காலும் இதுதான் என்பது என் எண்ணம்: இரணைமடுக் குளம் தன் நீரைக் கான்று தருகிறது அல்லவா?

கண்ணாடிக்கு "ஒளியரி" என்று வையுங்கள். நன்னூல் கடை மாணாக்கருக்கு நெய்யரியை உவமை சொல்கிறது. நெய்யைப் போகவிட்டுக் கசடைப் பிடித்து வைப்பது மாணாக்கனுக்குக் குறை. இந்தக் கண்ணாடிக்கு அதுவேதான் தொழில்: வேண்டிய ஒளி கீழே, கசடு மேலே. எண்ணூறு ஆண்டுப் பழைய சொல் நம் கையில் இருக்கிறது.

வவுனியா, மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, வாய்க்காலின் கால் வழி என்ற பொருளில் வந்தது. அதைக் கான்றதோடு சேர்க்க என் மனம் ஒப்பவில்லை. "ஒளியரி" காதுக்கு இனிமைதான். ஆனால் இன்று அரித்தல் என்றால் கறையானும் துருவும்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. கண்ணாடி ஒளியைத் தின்றுவிடும் என்று பிள்ளை நினைத்தால்? வடிகட்டி எல்லா வீட்டிலும் இருக்கிறது. "ஒடுங்கின ஒழுங்கை" என்கிறோமே, அதே மாதிரி "ஒடுங்கிய பட்டை வடிகட்டி" என்று எழுதுங்கள்.

முல்லைத்தீவு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அரிதட்டும் எல்லா வீட்டிலும் இருக்கிறது, தம்பி. மாவை அரிக்காமல் இடியப்பம் அவிப்பதில்லை.

மன்னார், பௌதிகவியல் மாணவன்:

ஒன்று மட்டும் சொல்லி விடுகிறேன். 1864இல் ஆங்கிலேய வானியலாளர் வில்லியம் ஹக்கின்ஸ் பூனைக்கண் முகிலின் நிறமாலையில் ஒரு பச்சைக் கோட்டைக் கண்டார். பூமியில் தெரிந்த எதனோடும் அது பொருந்தாததால் "நெபுலியம்" என்று புதுத் தனிமமே பேரோடு உலாவியது. 1927இல்தான் அமெரிக்கப் பௌதிகவியலாளர் ஐரா போவன் அது இரண்டு இலத்திரனை இழந்த ஒட்சிசன் என்று காட்டினார். அந்தக் கோடு 500.7 நனோமீற்றர், பிள்ளைகள் பாவிக்கும் இரண்டாவது கண்ணாடி அதற்குத்தான். பெயர் பிழைத்தால் அறுபது வருடம் நிற்கும். அதனால் நான் காலல் பக்கம்.

கிளிநொச்சி, ஆசிரியை:

நாளை காலை கோப்பு போகிறது. "காலல் முகில்" என்று போட்டு, முதல் தடவை வரும் இடத்தில் "தானே ஒளியை வெளிவிடும் முகில்" என்று ஒரு வரி சேர்த்தேன். கண்ணாடிக்கு வவுனியாவில் இருந்து வந்த யோசனையை எடுத்தேன். "ஒடுங்கிய பட்டை வடிகட்டி" என்றே விட்டேன். ஐயா, உங்கள் ஒளியரியைப் படத்தின் கீழே எழுதியிருக்கிறேன். பிள்ளைகள் எதை எடுத்துப் பேசுகிறார்கள் என்று அடுத்த தவணையில் எழுதுகிறேன்.

முல்லைத்தீவு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

நன்றி மகள். ஆனாலும் வடிகட்டி நீருக்குரியது. நான் ஒளியரி என்றுதான் எழுதுவேன்.