நிலம் நமதில்லை, வீடு மட்டும் நமது: இதைச் சொந்த வீடு என்று சொல்லலாமா?

தாழ்வாரம்:
சமூக நில அறக்கட்டளை மூலம் வீடு வாங்கலாமா என்று நானும் கணவரும் யோசிக்கிறோம். நிலம் அறக்கட்டளையிடமே இருக்கும், நமக்கு 99 வருடக் குத்தகை. மேலே நிற்கும் வீட்டை மட்டும் வாங்குகிறோம் என்பதால் விலை சந்தையைவிட நன்றாகக் குறைவு. பின்னால் விற்பதானால், அவர்கள் கணக்குப்படி வரும் விலைக்கு, நம்மைப் போல் வருமானம் குறைந்த குடும்பத்துக்குத்தான் விற்க வேண்டும். இப்போதைய வாடகை வீட்டில் ஆணி அடிக்கக்கூட அனுமதியில்லை. பையன் வரைந்த படங்கள் சுருட்டியபடியே அட்டைப்பெட்டியில் கிடக்கின்றன. ஆறு வருடத்தில் இது மூன்றாவது வீடு. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்கன்:
வேண்டாம் என்றுதான் சொல்வேன் சகோதரி. சந்தையில் 100 பெறும் வீடு உங்களுக்கு 60க்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடத்தில் அதன் மதிப்பு 150 ஆகிறது. ஏறிய 50இல் கால்பங்கு விற்பவருக்கு என்பது பரவலாக இருக்கும் ஒரு கணக்கு. அதாவது 12.5. நீங்கள் 72.5க்கு விற்றுவிட்டு வெளியே வந்தால், பக்கத்துத் தெருவில் அதே அளவு வீடு 150. வசதி உள்ளவர் வாங்கினால் ஏற்றம் முழுக்க அவருக்கு, இல்லாதவர் வாங்கினால் கால்பங்கு. காலங்காலமாக நிலமில்லாமல் இருந்தவர்களுக்கு மறுபடியும் நிலமில்லாத வீடா?

வேர்ப்பிடி:
கணக்கு சரி நண்பரே, ஒப்பிட்ட இடம்தான் தவறு. 100 கொடுக்க முடிந்தவர் இந்தக் கேள்வியோடு வந்திருக்கவே மாட்டார். தாழ்வாரத்தின் முன்னால் இருப்பது 60க்கு வீடு அல்லது வாடகை. வாடகையில் ஏற்றத்தில் பங்கே கிடையாது. இங்கே 12.5 போக, கடனில் அடைத்த அசலும் அவருடையது.

அடுத்து வருகிற குடும்பத்தையும் பாருங்கள். 150 பெறும் வீட்டை அவர்கள் 72.5க்கு வாங்குகிறார்கள். புதிதாக யாரும் மானியம் போட வேண்டியதில்லை. முதலில் விலையில் குறைத்துக் கொடுத்த 40ஐ முதல் குடும்பமே கொண்டுபோயிருந்தால், அடுத்தவருக்கு இதே வீட்டைக் கொடுக்க 77.5 தேட வேண்டும். அமெரிக்காவின் பர்லிங்டன் நகரம் 1984இல் 2 லட்சம் டாலர் போட்டு ஓர் அறக்கட்டளையைத் தொடங்கி வைத்தது. பின்னாளில் அமெரிக்க செனட்டரான பெர்னி சாண்டர்ஸ் அப்போது அங்கே மேயர். 2006இல் இன்னோர் அமைப்போடு இணைந்து, இன்றும் அது நடக்கிறது.

கணக்கன்:
அடுத்த ஏழைக்கு உதவும் பாரத்தை இந்த ஏழை ஏன் சுமக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வியே. வரிப்பணத்தில் செய்ய வேண்டியதை ஒரு குடும்பத்தின் சேமிப்பில் செய்கிறார்கள். அப்புறம், அறக்கட்டளையிடம் இருந்தால் நிலம் என்றைக்கும் பத்திரம் என்கிறார்களே, இந்த முறைக்கே முன்னோடியான நியூ கம்யூனிட்டீஸ் என்ன ஆயிற்று? 1985இல் கடனில் மொத்த நிலமும் போனது.

வேர்ப்பிடி:
போனது உண்மை. எப்படிப் போனது என்பதையும் சொல்ல வேண்டும். 1969இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், சார்லஸ் ஷெராட் போன்ற கறுப்பின உரிமைப் போராளிகள் தொடங்கியது அது. வாக்குரிமை கேட்டதற்காகக் குத்தகை நிலத்திலிருந்து கறுப்பினக் குடும்பங்களைத் துரத்திக்கொண்டிருந்த காலம். யாராலும் துரத்த முடியாத நிலம் வேண்டும் என்று ஏறத்தாழ 5,700 ஏக்கர் வாங்கினார்கள். அதற்கு வழிகாட்டிய யோசனைகளில் ஒன்று நம் வினோபா பாவேயின் கிராமதானம். 1951இல் பொச்சம்பள்ளியில் அவர் தொடங்கிய பூதான இயக்கத்தில், தானமாகப் பெற்று நிலமில்லாதவர்களுக்குத் தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்த நிலம் பல இடங்களில் கைமாறிப் போனது. ஊரின் பெயரில் இருந்தால் போகாது என்று வந்ததுதான் கிராமதானம்.

வறட்சி வந்தபோது வெள்ளையர் பண்ணைகளுக்குக் கிடைத்த அவசரக் கடன் இவர்களுக்குக் கிடைக்கவில்லை. நிலம் ஏலத்துக்குப் போனது. நடந்தது பாகுபாடு என்று ஏற்கப்பட்டு 2009இல் சுமார் 1.2 கோடி டாலர் இழப்பீடு வந்தது. 2011இல் அந்தப் பணத்தில் மறுபடி நிலம் வாங்கினார்கள், அதுவும் முன்பு அடிமைகளை வைத்து நடந்த ஒரு பண்ணையை. இதைப் படித்த அன்று எனக்கு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

மாடிப்படி:
ஏழு வருடம் இப்படி ஒரு வீட்டில் இருந்து விற்றவள் நான். இரண்டு பக்கமும் சொல்கிறேன்.

கணவருக்கு வேலை போய் இரண்டு தவணை தவறியது. வங்கி அறக்கட்டளைக்கும் தகவல் அனுப்ப வேண்டும் என்று குத்தகையிலேயே இருந்ததால், அங்கிருந்து ஒரு அம்மா வீட்டுக்கே வந்தார். எங்கள் சமையலறை மேசையில் உட்கார்ந்து, வங்கிக்குப் போக வேண்டிய கடிதத்தை எங்களோடு சேர்ந்து எழுதினார். வீடு தப்பியது. 2010 முடிவில் அமெரிக்காவில் வழக்கமான வீட்டுக் கடன்களில் 4.63 சதவீதம் ஜப்தி நடவடிக்கையில் இருந்தபோது, அறக்கட்டளை வீடுகளில் அது 0.46 சதவீதம்தான் என்று பின்னால் படித்தேன். ஆச்சரியப்படவில்லை.

ஆனால் சமையலறையை இடித்துப் புதிதாகக் கட்டியிருந்தோம். விற்கும்போது அதில் ஒரு காசுகூடக் கணக்கில் ஏறவில்லை. எழுத்தில் முன்அனுமதி வாங்கிய வேலைக்குத்தான் மதிப்பாம். பத்திரத்தின் பதினெட்டாவது பக்கத்தில் அந்த வரி இருந்தது. யாரும் வாசித்துக் காட்டவில்லை, நாங்களும் வாசிக்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

கணக்கன்:
நான் பயந்தது இதைத்தான் அம்மா. சரி, ஜப்தி விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன், தவணை தவறினால் வங்கியில் யார் வீடு தேடி வருகிறார்கள்? ஆனால் கால்பங்கு என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? அங்கே குடியிருப்பவர்களுக்கு அதில் குரல் உண்டா?

வேர்ப்பிடி:
முறையாக நடக்கும் இடங்களில் நிர்வாகக் குழுவில் மூன்றில் ஒரு பங்கு குடியிருப்பவர்கள், ஒரு பங்கு சுற்றுவட்டார மக்கள், மீதி பொது நலனுக்காக நிற்பவர்கள். பெயருக்கு இரண்டு பேரை உட்கார வைத்திருந்தால் வாங்காதீர்கள், இதில் நான் உங்கள் பக்கம். சந்தை மதிப்பை விட்டுவிட்டு, அந்தப் பகுதி மக்களின் நடுத்தர வருமானத்தோடு விலையைக் கட்டிவைக்கும் முறையும் உண்டு. லண்டனில் அப்படிச் செய்கிறார்கள்.

தாழ்வாரம்:
எல்லோருக்கும் நன்றி. எங்களுக்குப் பின் பையனுக்குப் போகுமா?

மாடிப்படி:
எங்கள் குத்தகையில் பிள்ளைகளுக்குப் போகும் என்று இருந்தது. உங்களுடையதில் அந்தப் பிரிவைத் தேடிப் பாருங்கள் தங்கச்சி.

தாழ்வாரம்:
பார்க்கிறேன் அக்கா. சனிக்கிழமை அவர்களைச் சந்திக்கிறோம். பத்திரத்தின் நகலை முன்னதாகவே கேட்டிருக்கிறேன், முன்அனுமதி பற்றிய பக்கத்தைத்தான் முதலில் திறப்பேன்.