பாண்டியர் வாங்கிய போர்க்குதிரைகள் ஏன் ஓராண்டுகூட உயிர்வாழவில்லை?

வைகைக்கரை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் குடும்பத்துடன் ஸ்ரீரங்கம் சென்றிருந்தபோது சேஷராயர் மண்டபத்துத் தூண்களின் முன் நெடுநேரம் நின்றுவிட்டேன். பின்னங்கால்களை ஊன்றி, முன்னங்கால்களைத் தூக்கி எழும் அந்தக் குதிரைகளின் விரிந்த மூக்கும், வளைந்த கழுத்தும், கடிவாளத்தின் இழுப்பும் கல்லில் செதுக்கப்பட்டவை என்று நம்புவதற்கே கடினமாக இருந்தது. கீழே வேங்கைகளும் ஆயுதம் ஏந்திய காலாட்களும் நெருக்கியடித்து நிற்க, குதிரை மட்டும் எதற்கும் அஞ்சாமல் பாய்கிறது.

ஊர் திரும்பியதும், 1292ஆம் ஆண்டளவில் பாண்டிய நாட்டுக் கரையைக் கண்ட மார்க்கோ போலோவின் குறிப்புகளைப் படித்தேன். இங்கே ஆண்ட ஐந்து அரசர்களும் ஆண்டுதோறும் ஆளுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்கினார்கள் என்றும், ஆண்டு முடிவதற்குள் அவற்றில் 100கூட மிஞ்சவில்லை என்றும் அவர் எழுதுகிறார். அந்த மண்டபம் பாண்டியருக்குப் பல தலைமுறை பிந்தைய நாயக்கர் காலத்தது என்பதை அறிவேன். ஆயினும் கல்லில் கண்ட குதிரைக்கும் ஏட்டில் கண்ட குதிரைக்கும் இடையிலுள்ள தொலைவு என்னை உறங்கவிடவில்லை. இந்தக் கணக்கு நம்பத்தக்கதா? நம்பத்தக்கதானால், போர்க்களத்தில் அல்லாமல் லாயத்திலேயே அவை ஏன் மடிந்தன? நம் இலக்கியத்தில் எவரேனும் இந்தச் சாவைக் கண்டு எழுதியிருக்கிறார்களா?

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் எழுதியது:

வணக்கம் ஐயா. எண்ணிக்கையைப் பற்றி வரலாறு அறிந்தவர்கள் சொல்லட்டும். சாவின் காரணத்தைப் பற்றி மட்டும் என்னால் சொல்ல முடியும்.

இங்கே குதிரைகளுக்குச் சோற்றையும் இறைச்சியையும் சமைத்துக் கொடுத்தார்கள் என்கிறார் மார்க்கோ போலோ. பாரசீகத்திலிருந்து எழுதிய வரலாற்றாசிரியர் வசாஃப், வறுத்த வாற்கோதுமையும், வெண்ணெய் சேர்த்த தானியமும், காய்ச்சிய பசும்பாலும் கொடுக்கப்பட்டதாகக் கூறுகிறார். இரண்டும் வேறுவேறு உணவுகள் என்றாலும், புல் தின்னப் பிறந்த விலங்கின் வயிற்றுக்கு இரண்டுமே கேடுதான். குதிரையின் இரைப்பை அதன் உடலளவுக்கு மிகச் சிறியது. குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. மாவுச்சத்து அளவுக்கு மீறி உள்ளே சென்றால் அது செரிக்காமல் பெருங்குடலுக்கு இறங்கிப் புளித்து, கடும் வயிற்றுவலியை உண்டாக்குவதோடு குளம்புக்குள் இருக்கும் மென்திசுவையும் வீங்கச் செய்துவிடும். நான் பணியில் இருந்தபோது, திருமண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடப்பட்ட ஒரு குதிரைக்குப் பந்தியில் மிஞ்சிய சோற்றை அன்போடு வயிறு நிறையக் கொடுத்துவிட்டார்கள். விடியற்காலையில் என்னை அழைத்தபோது அது தரையில் புரண்டுகொண்டிருந்தது. மூன்றாம் நாள் முன்னங்கால்களை ஊன்ற முடியாமல் பின்பக்கம் சாய்ந்து நின்றது. அதை என்னால் காப்பாற்ற முடியவில்லை. கொடுத்தவர்கள் எவரும் கொடியவர்கள் அல்லர் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

என்னை மிகவும் உலுக்கியது வசாஃபின் இன்னொரு செய்தி. கப்பலிலிருந்து இறக்கிய குதிரைகளைக் கொழுக்க வைப்பதற்காக நாற்பது நாள்கள் கயிற்றால் முளையில் கட்டிவைத்து, பிறகு எந்தப் பயிற்சியும் கொடுக்காமல், அங்கவடிகூட (ஏறுபவர் கால் வைக்கும் வளையம்) இல்லாமல் வீரர்கள் ஏறிப் பேய்போல ஓட்டினார்களாம். அசையாமல் நிறுத்தித் தானியம் ஊட்டிய குதிரையைத் திடீரென்று ஓட விட்டால் அதன் பின்தொடைத் தசைகள் இறுகிச் சிதையும்; சிறுநீர் காப்பி நிறத்தில் இறங்கும். வலிமையும் வேகமும் கொண்ட குதிரைகள் சிறிது காலத்திலேயே சோர்ந்து பயனற்றுப் போயின என்று அவர் எழுதியதைப் படித்தபோது, ஒரு நோயாளியின் குறிப்பேட்டைப் படிப்பது போலவே இருந்தது.

இவற்றோடு நம் கடற்கரையின் புழுக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈரப்பதம் மிகுந்த வெப்பத்தில், வேற்றுநாட்டிலிருந்து வந்த குதிரைகளில் சில வியர்க்கும் திறனையே இழந்துவிடுகின்றன. கடிக்கும் ஈக்களால் பரவும் சர்ரா நோய்க்கு மருந்து இல்லாத காலத்தில், அது தொற்றிய குதிரை பிழைப்பது அரிது. கொள்ளு விளையும் நாட்டில் இவ்விருவரின் குறிப்புகளிலும் கொள்ளைப் பற்றிய பேச்சே இல்லாதது எனக்கு வியப்பாக இருக்கிறது. பிற்காலத்தில் தென்னாட்டுக் குதிரைகள் வேகவைத்த கொள்ளைத் தின்றே உழைத்தன.

கல்வெட்டு வாசகி எழுதியது:

மருத்துவர் ஐயா நோயை விளக்கிவிட்டார். அந்த நோயால் யாருடைய பை நிறைந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

இங்கே லாடம் அடிக்கத் தெரிந்தவர் எவரும் இல்லை என்றும், குதிரை வணிகர்கள் அப்படிப்பட்டவர்களைத் தாங்களும் அழைத்து வருவதில்லை, பிறர் வருவதையும் தடுக்கிறார்கள் என்றும், குதிரைகள் தொடர்ந்து சாக வேண்டும் என்பதே அவர்கள் விருப்பம் என்றும் மார்க்கோ போலோ வெளிப்படையாகவே எழுதுகிறார். இதை வெறும் வசைமொழி என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. ஏனெனில் பாரசீக வளைகுடாவிலுள்ள கீஷ் தீவின் வணிகத் தலைவர் ஜமாலுத்தீன் பாண்டியருடன் செய்துகொண்ட ஏற்பாட்டை வசாஃப் விவரிக்கிறார்: அவருடைய சொந்தப் பண்ணைகளிலிருந்து ஆண்டுக்கு 1,400 குதிரைகள், ஒவ்வொன்றுக்கும் 220 செம்பொன் தினார், வழியில் இறந்த குதிரைக்கும் விலை உண்டு. அவருடைய தம்பி தகியுத்தீன் இங்கே பாண்டியரின் அரசவையிலேயே செல்வாக்கோடு இருந்தார். விற்பவரின் வீட்டாரே வாங்குபவரின் பக்கத்தில் அமர்ந்திருக்கும்போது, இறந்த குதிரையைப் பற்றி யார் கேள்வி கேட்பார்கள்?

கடல்வழியும் கொடியது. அந்த வளைகுடாவின் முகப்பில் இருந்த ஹொர்மூஸ் துறைமுகத்துக் கப்பல்கள் இரும்பு ஆணி இல்லாமல் தென்னை நாரால் தைக்கப்பட்டவை. சரக்கின்மேல் தோலை விரித்து, அதன்மேல் குதிரைகளை நிறுத்தி ஓட்டினார்கள். அவற்றில் பல கடலில் மூழ்கின. தப்பியவை தாமிரபரணியின் முகத்துவாரத்தில் இருந்த காயலில் இறங்கின. இறந்ததற்கும் விலை கொடுக்கும் வழக்கம் பாண்டியரோடு முடியவுமில்லை. விஜயநகரத்துச் சாளுவ நரசிம்மர், கடலில் இறந்த குதிரையின் வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினாலும் உயிருள்ள குதிரைக்குரிய விலையைக் கொடுத்தார் என்று போர்த்துக்கீசியரான நூனிஸ் எழுதியிருக்கிறார்.

எண்ணிக்கையில் மட்டும் எச்சரிக்கை தேவை. எல்லாத் துறைமுகங்களிலிருந்தும் சேர்த்து ஆண்டுக்கு 10,000 குதிரைகள் வந்தன, அவற்றின் விலை 22,00,000 தினார் என்கிறார் வசாஃப். 220ஐ 10,000ஆல் பெருக்கினால் வருவதும் அதுவேதான். ஆகவே இது கருவூலக் கணக்கிலிருந்து எடுத்த தொகையன்று, எழுதுகோலால் போட்ட கணக்கு என்றே நினைக்கிறேன். வசாஃப் நேரில் கண்டவரும் அல்லர். ஆனால் குதிரைகள் பெருமளவில் வந்தன, பெருமளவில் மடிந்தன என்பதில் இருவரும் தனித்தனியே ஒத்துப்போகிறார்கள். நம் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் (இன்றைய கேரளப் பகுதி) குதிரைச்செட்டிகள் கோயிலுக்குக் கொடை அளிக்கும் அளவுக்கு வளமாக இருந்ததையும் காண்கிறோம்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் எழுதியது:

அம்மா, வணிகரின் பேராசையை நான் மறுக்கவில்லை. ஆனால் லாடக்காரர் ஒருவர் வந்திருந்தாலும் சோற்றையும் புழுக்கத்தையும் ஈயையும் அவரால் தடுத்திருக்க முடியாது. இங்கே நல்ல ஆண்குதிரையையும் நல்ல பெண்குதிரையையும் சேர்த்தாலும் கால் கோணிய குட்டியே பிறக்கிறது என்றும் அதே மார்க்கோ போலோ எழுதுகிறார். அந்தக் குறைக்கு வணிகர்கள் காரணமாக இருக்க முடியாது. தாய்க்குக் கிடைத்த தீனியே காரணமாக இருந்திருக்கலாம். இதையும் கணக்கில் சேர்க்க வேண்டுகிறேன்.

புறத்திணை எழுதியது:

கேட்டவரின் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். புறநானூற்றில் குதிரைமறம் என்று ஒரு துறையே உண்டு. அதில் பெரும்பாலும் குதிரையின் வேகமும் வீரமுமே பாடப்படுகின்றன. ஆனால் எருமை வெளியனார் பாடிய 273ஆம் பாடல் வேறு. ஊரில் எல்லார் குதிரையும் திரும்பி வந்துவிட்டது. தன் வீட்டுக் குதிரை மட்டும் வரவில்லை என்று ஒரு பெண் கலங்குகிறாள். இரண்டு பேராறுகள் கூடும் இடத்தில் குறுக்கே நின்ற பெருமரம் போல, கணவன் ஏறிப் போரிட்ட குதிரை சாய்ந்துவிட்டதோ என்று அவள் கேட்பதோடு பாட்டு முடிகிறது. கணவனின் சாவை அவள் வாய்விட்டுச் சொல்லவே இல்லை. இருபுறமும் வெள்ளம் மோத நின்ற மரமாகக் குதிரையைப் பார்த்த அந்தக் கண், எனக்குத் தெரிந்து, பிற்காலப் பரணிகளிலும் உலாக்களிலும் இல்லை.

லாயத்துச் சாவுக்கு அருகில் வருவது மாணிக்கவாசகர் கதைதான். குதிரை வாங்கக் கடற்கரைக்குச் சென்றவர் அரசனின் பொன்னைத் திருப்பெருந்துறையில் செலவிட்டுவிட, இறைவன் நரிகளைப் பரிகளாக்கிக் கொண்டுவருகிறான். அவை இரவில் மீண்டும் நரிகளாகி, லாயத்தில் முன்பே இருந்த குதிரைகளைக் கடித்துக் குதறிவிட்டு ஓடுகின்றன. பக்தர்களுக்கு இது இறைவனின் விளையாடல். அவ்வாறே நானும் வணங்குகிறேன். எனினும், பொன் கொடுத்து வாங்கிய குதிரைகள் விடியும்போது லாயத்தில் பிணமாகக் கிடப்பதை அடிக்கடி கண்ட ஒரு நாட்டில்தான் இப்படியொரு கதை இவ்வளவு ஆழமாக வேரூன்ற முடியும் என்பது என் கருத்து. அந்தக் கதையிலும் எல்லாரும் மாணிக்கவாசகருக்காக அழுகிறோம். லாயத்தில் கட்டுண்டு கிடந்து கடிபட்ட பழைய குதிரைகளைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

வைகைக்கரை எழுதியது:

மூவருக்கும் என் நன்றி. அந்தப் பழைய குதிரைகளைப் பற்றி நானும் இதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. மருத்துவர் ஐயா சொன்ன நாற்பது நாள் கட்டை நினைக்கும்போதுதான், சிற்பியின் கையில் எழுந்து பாயும் விலங்கு முளைக்கயிற்றில் எப்படி நின்றிருக்கும் என்று மனத்தில் பார்க்க முடிகிறது. தை மாதம் மீண்டும் ஸ்ரீரங்கம் செல்கிறேன். தூக்கிய முன்னங்கால்களின் அடிப்புறம் கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரியும் உயரத்தில்தான் இருக்கிறது. அங்கே லாடம் செதுக்கப்பட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு தூணாகப் பார்த்து வந்து இங்கே எழுதுகிறேன்.