எம்.எம். 540: இடது முன்சக்கரத்தில் ‘சர்க் சர்க்’ சத்தம், பிரேக்கை லேசாகத் தொட்டால் நின்றுவிடுகிறது. உதவி தேவை

போடி ஏலத்தோட்டம் (ஞாயிறு இரவு)

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 1992 மாடல் மஹிந்திரா எம்.எம். 540, டீசல், ஃபோர் வீல். முன்சக்கரம் ரெண்டுலயும் கையால திருப்புற ஃப்ரீ வீல் ஹப் (சக்கரத்தை உள்ள இருக்குற ஆக்சில் ஷாஃப்ட்டோட சேர்க்கவும் பிரிக்கவும் செய்யுற பூட்டு) இருக்கு. அப்பா காலத்து வண்டி. போடியில இருந்து போடிமெட்டு மலை ஏறி, பூப்பாறைப் பக்கம் இருக்குற எங்க ஏலத்தோட்டத்துக்கு வாரம் நாலு நாள் போய் வருது. தார் ரோட்டுல ஹப்பை ஃப்ரீயில விட்டுருவேன். தோட்டத்துச் சகதிக்குள்ள இறங்கும்போதுதான் லாக் பண்ணி ஃபோர் வீல் போடுறது.

மழை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, மே கடைசியில, ஒரு பட்டறையில விட்டு முன் ஹப் ரெண்டையும் பிரிச்சு கிரீஸ் வச்சு வாங்கினேன். ஜூன் முழுக்க ஒரு தொந்தரவும் இல்ல. இப்போ ரெண்டு வாரமா இடது முன்சக்கரத்துல சத்தம். 15, 20 கிலோமீட்டர் வேகத்துல ‘சர்க்... சர்க்...’னு விட்டு விட்டு உரசுது. வேகம் கூடக் கூட சத்தம் நெருக்கமாகுது. 40 தாண்டினா அதோட சேர்ந்து ‘ஊ...’ன்னு ஒரு முனகல். வலது பக்கம் ஒடிக்கிற வளைவுல முனகல் கூடுது, இடது வளைவுல குறையுது. பிரேக்கை லேசா மிதிச்சா உரசுற சத்தம் நின்னுடுது, விட்டா திரும்ப வருது.

டயரை இடம் வலமா மாத்திப் பாத்தாச்சு. சத்தம் இடது பக்கத்துலயேதான் இருக்கு. ஒருத்தர் முன் கிரவுன் (முன் அச்சுக்குள்ள இருக்குற பெரிய பல்சக்கரம்) போச்சுங்கிறார், இன்னொருத்தர் நக்கிளுக்குள்ள, அதாவது சக்கரம் திரும்புற மூட்டுக்குள்ள, ஷாஃப்ட்டை இணைக்கிற கிராஸ் போச்சுங்கிறார். ரெண்டுல எதைப் பிரிச்சாலும் கை நிறையச் செலவு. காய் எடுக்குற நேரம், வண்டி நின்னா வேலையும் நிக்கும். எதுல இருந்து ஆரம்பிக்கலாம்?

கோவை லேத் (ஞாயிறு இரவு)

எதையும் பிரிக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்விங்க. மெட்டு ரோட்டுல சத்தம் வரும்போது ரெண்டு ஹப்பும் ஃப்ரீயிலதானே இருக்கு?

போடி ஏலத்தோட்டம்

ஆமாங்க, ரெண்டும் ஃப்ரீதான். வண்டியும் டூ வீல்லதான் ஓடுது.

கோவை லேத்

அப்படின்னா முன் கிரவுனையும் கிராஸையும் தூக்கித் தூரப் போடுங்க. ஹப் ஃப்ரீயில இருந்தா சக்கரமும் டிரம்மும் மட்டுந்தான் சுத்தும். உள்ள இருக்குற ஆக்சில் ஷாஃப்ட், நக்கிள் கிராஸ், முன் கிரவுன், அதுக்குப் போற நீள ஷாஃப்ட் எல்லாம் அசையாம நிக்கும். சுத்தாத சாமான் எப்படிங்க சத்தம் போடும்? ஃப்ரீ வீல் ஹப் வச்ச வண்டிக்கு இது ஒரு பெரிய வசதி. பாதி சந்தேகத்தைக் காசு செலவில்லாம கழிச்சிடலாம்.

உறுதிப்படுத்திக்க ரெண்டு சோதனை சொல்றேன், சமதரையில பண்ணுங்க. முதல்ல 30ல போகும்போது நியூட்ரல் பண்ணி உருள விடுங்க. சத்தம் மாறலைன்னா எஞ்சினும் கியர்பாக்ஸும் விட்டுப் போச்சு. அடுத்தது 10 கிலோமீட்டர் வேகத்துல ‘சர்க்’கை எண்ணுங்க. உங்க வண்டியில 6.00-16 டயர் இருந்தா, அந்த வேகத்துல சக்கரம் வினாடிக்கு ஒரு சுத்துக்குக் கொஞ்சம் கூட வரும். வினாடிக்கு ஒண்ணுன்னு கேட்டா அது சக்கரத்தோட சேர்ந்து சுத்துற சாமான். அஞ்சாறுன்னு கேட்டா பின்பக்க ஷாஃப்ட்டைப் பாக்கணும், ஏன்னா சக்கரம் ஒரு சுத்து சுத்துறதுக்குள்ள ஷாஃப்ட் நாலைஞ்சு சுத்து சுத்திடும்.

ஊட்டி ஜிப்ஸி

எனக்கும் இதே மாதிரி வந்துச்சு. டிஸ்க்குக்கும் தகட்டுக்கும் நடுவுல சின்னக் கல் மாட்டியிருந்தது. எடுத்ததும் சரியாயிடுச்சு. முதல்ல அதைப் பாருங்க.

வால்பாறை டிரைவர் (திங்கள் காலை)

தம்பி, ஜிப்ஸிக்காரர் சொல்றது டிஸ்க் வண்டிக்குச் சரி. உங்களுது முன்னாடியும் டிரம். உள்ள கல் போனாலும் ரெண்டு வாரம் தாங்காது, அரைஞ்சு பொடியாயிடும். வலது வளைவுல முனகல் கூடுது, பிரேக்கைத் தொட்டா உரசல் நிக்குதுன்னு நீங்களே எழுதிட்டீங்க. நான் எஸ்டேட் ஜீப் முப்பது வருஷம் ஓட்டினவன். இதைப் படிச்சதும் எனக்கு வயிறு கலங்குது.

வலது பக்கம் ஒடிச்சா வண்டியோட பாரம் இடது சக்கரத்துல இறங்கும். அப்போ முனகல் கூடினா இடது வீல் பேரிங்தான். பேரிங் லூசானா டிரம் ஆடும், ஆடுற டிரம் ஒவ்வொரு சுத்துலயும் உள்ள இருக்குற பிரேக் ஷூவுல ஒரு இடத்துல உரசும். பிரேக்கை மிதிச்சதும் ஷூ டிரம்மைச் சுத்திப் பிடிச்சுக்குது, ஆட்டம் அடங்குது, சத்தமும் நிக்குது. பிரேக் சரியா இருக்குன்னு அதுக்கு அர்த்தம் இல்ல. ஆட்டத்தை பிரேக் மறைக்குது.

இப்படிப் பாருங்க. சமமான இடத்துல நிறுத்தி, பின்சக்கரம் ரெண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை போடுங்க. இடது முன்பக்கத்தை ஜாக்கியில தூக்கி, அச்சுக்கு அடியில ஸ்டாண்டு வைங்க. கருங்கல்லை அடுக்கி வைக்காதீங்க, ஹாலோ பிளாக் வைக்கவே வைக்காதீங்க. சக்கரத்தை மேலயும் கீழயும் பிடிச்சு உள்ள வெளிய ஆட்டுங்க. ஆடினா, வீட்ல ஒருத்தரை உக்கார வச்சு பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்க. ஆட்டம் நின்னுட்டா வீல் பேரிங். பிரேக் பிடிச்சும் ஆடினா கிங்பின் பேரிங், அதாவது சக்கரம் இடம் வலம் திரும்புற கீல்ல இருக்குறது. ரெண்டும் ஒரே மாதிரி ஆடும், இந்த வழியில சுலபமாப் பிரிச்சுச் சொல்லலாம். அப்புறம் இடமும் வலமும் பிடிச்சு ஆட்டிப் பாருங்க. அந்தத் திசையில மட்டும் ஆட்டம் இருந்தா டை ராட் பந்து, அதாவது ஸ்டியரிங் கம்பியோட முனை மூட்டு.

இதைப் பாக்குற வரைக்கும் மெட்டு இறங்க வேண்டாம். 17 கொண்டை ஊசி இருக்குற ரோடு அது.

கம்பத்துப் பொண்ணு (திங்கள் மதியம்)

எனக்கு மெக்கானிக் வேலை எதுவும் தெரியாது அண்ணா. ஆனா எங்க அம்மா இருபது வருஷமா காய் எடுக்க ஜீப்புலதான் மலைக்குப் போறாங்க. விடியக்காலம் போனா இருட்டினப்புறம்தான் வருவாங்க. பின்னாடி உக்காந்திருக்கவங்களுக்குச் சத்தம் கேட்கும், ஆனா அது என்ன சத்தம்னு கேட்க மாட்டாங்க. வண்டியைச் சரி பண்ணுற வரைக்கும் ஆள் ஏத்தாதீங்க. அதைச் சொல்லத்தான் எழுதுறேன்.

போடி ஏலத்தோட்டம் (திங்கள் இரவு)

ஏத்தல தங்கச்சி. இன்னைக்கு வேற ஜீப்பு பிடிச்சு அனுப்பிட்டேன். நாளைக்கும் அதுதான் போகும்.

சோதனை முடிஞ்சது. நியூட்ரல்ல உருள விட்டும் சத்தம் அப்படியேதான் இருந்துச்சு. 10ல எண்ணிப் பாத்தேன், வினாடிக்கு ஒண்ணு, சில சமயம் ஒண்ணே கால். அப்புறம் தூக்கி ஆட்டினேன். மேல கீழ பிடிச்சு ஆட்டினா கண்ணுக்கே தெரியுற அளவுக்கு ஆடுது, ‘டொக் டொக்’னு சத்தம் வேற. என் பையன் பிரேக்கை மிதிச்சதும் சுத்தமா நின்னுடுச்சு. வலது பக்கத்தையும் தூக்கிப் பாத்தேன், அங்க மயிரிழை ஆட்டம்தான். ஓட்டிட்டு வந்ததும் ஹப்பைத் தொட்டுப் பாத்தேன், இடது பக்கம் கை வைக்க முடியல, வலது பக்கம் வெதுவெதுப்பா இருந்துச்சு.

நாளைக்கு இங்க எனக்குத் தெரிஞ்ச ஒரு பெரியவரோட சேர்ந்து நானே பிரிக்கலாம்னு இருக்கேன். என்னென்ன பாக்கணும்?

கோவை லேத்

ஃப்ரீ வீல் ஹப்பைக் கழட்டினா உள்ள ரெண்டு பெரிய நட், நடுவுல ஒரு லாக் வாஷர் இருக்கும். அதோட ஓரத்துல இருக்குற காதை நட் மேல மடக்கினாத்தான் நட்டு தானா கழராது. உளியால தட்டிக் கழட்டாதீங்க, அதுக்குன்னு இருக்குற பெரிய பாக்ஸ் ஸ்பேனரைப் போடுங்க. வெளி நட்டைத் தொடறதுக்கு முன்னாடி லாக் வாஷரோட காது நட் மேல மடங்கியிருக்கான்னு பாத்து ஒரு படம் எடுத்து வச்சுக்கோங்க. மே மாசம் பிரிச்சு மாட்டினதுன்னு சொன்னீங்க. எனக்குச் சந்தேகமே அந்தக் காது மேலதான்.

பேரிங்கை டீசல்ல கழுவி, துணியால துடைச்சு, வெயில்ல வச்சுப் பாருங்க. கம்ப்ரஸர் காத்தை வச்சு விர்ருன்னு சுத்த விடாதீங்க, கிரீஸ் இல்லாம சுத்தினா ரோலர்ல கீறல் விழும். ரோலர்லயோ கப்புலயோ (ரோலர் ஓடுற வெளி வளையம்) குழி இருந்தாலும் சரி, நீல நிறம் ஏறியிருந்தாலும் சரி, தூக்கிப் போட்டுடுங்க. நீலம்னா சூடேறி இரும்போட பதமே போச்சுன்னு அர்த்தம். கோனும் (ரோலர் இருக்குற உள் வளையம்) கப்பும் ஜோடியாத்தான் மாத்தணும். பழைய கப்புல புதுக் கோனைப் போட்டு மிச்சம் பிடிச்சா மூணு மாசத்துல திரும்பப் பிரிக்க வேண்டி வரும். கப்பை வெளிய தட்ட பித்தளைக் கம்பி போதும். உள்பக்க ஆயில் சீலையும் இதோட மாத்திடுங்க.

வால்பாறை டிரைவர்

கிரீஸோட நிறத்தையும் பாருங்க தம்பி. காப்பியில பால் ஊத்தின மாதிரி இருந்தா தண்ணி போயிருக்கு.

மாட்டும்போது உள் நட்டை, சக்கரத்தைச் சுத்திக்கிட்டே முறுக்குங்க. சக்கரம் இறுகி நிக்கிற இடம் வரும். அங்க இருந்து ஆறுல ஒரு சுத்து பின்னாடி விடணும். நட்டுக்கு ஆறு பட்டை இருக்கில்ல, அதுல ஒரு பட்டை அளவு, அவ்வளவுதான். அப்புறம் வாஷர், வெளி நட்டு. வெளி நட்டை இறுக்கினதும் உள்ள இருக்குற ஆட்டம் மாறும், அதனால மறுபடி ஆட்டிப் பாத்துட்டுத்தான் காதை மடக்கணும். பாதிப் பேர் இந்த இடத்துலதான் விட்டுடுறாங்க.

போடி ஏலத்தோட்டம் (புதன் மாலை)

பிரிச்சாச்சு. கோவை அண்ணன் சந்தேகப்பட்டதுதான். வாஷரோட காது ஒண்ணுகூட மடக்கல, எல்லாம் தட்டையா, புதுசு மாதிரி கிடக்கு. வெளி நட்டை விரலாலயே சுத்திக் கழட்டினேன். உள் நட்டும் ரெண்டு சுத்துக்கு மேல பின்னாடி வந்திருந்துச்சு. அதுக்கு மேல வெளிய வராம ஃப்ரீ வீல் ஹப்போட உடம்புதான் தடுத்திருக்கு. இந்தச் சக்கரத்தோட ரெண்டு வாரம் எட்டுப் பேரை ஏத்திக்கிட்டு மெட்டு இறங்கியிருக்கேன். நட்டைக் கையில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்துட்டேன்.

வெளி பேரிங் ரோலர்ல குழி, கப்புல ஒரு பக்கம் நீலம். உள் பேரிங் பாக்க நல்லா இருந்தும் ரெண்டையும் மாத்திட்டேன். கிரீஸ்ல தண்ணி இல்ல. ஸ்பிண்டில்ல (பேரிங் உக்கார்ற தண்டு) லேசான கோடு இருக்கு, நகத்துக்குத் தட்டுப்படல, புது பேரிங் ஆட்டமில்லாம உக்காந்துச்சு. ஷூவோட லைனிங் ஒரு ஓரத்துல மட்டும் சாய்வாத் தேஞ்சிருக்கு. ‘சர்க்’ அங்க இருந்துதான் வந்திருக்கு. முன்பக்கம் நாலு ஷூவும் புதுசு போட்டாச்சு.

நட்டை ஒரு பட்டை பின்னாடி விட்டு, வெளி நட்டு இறுக்கி ஆட்டிப் பாத்தா கொஞ்சம் இறுக்கமா இருந்துச்சு. கழட்டி இன்னும் கொஞ்சம் விட்டு மறுபடி இறுக்கினதும் சரியா நின்னுச்சு. வாஷர் புதுசு. ஒரு காது உள் நட்டுல, ஒரு காது வெளி நட்டுலன்னு பெரியவர் பக்கத்துல நின்னு மடக்க வச்சார்.

கோவை லேத்

வலது பக்கம்?

போடி ஏலத்தோட்டம்

அதையும் திறந்தேங்க. அங்கயும் காது மடக்கல. நட்டு இன்னும் நகர ஆரம்பிக்கல, அவ்வளவுதான் வித்தியாசம். பேரிங் நல்லா இருந்துச்சு, புது வாஷர் போட்டு மடக்கிட்டேன். அந்தப் பட்டறைக்கு நேர்ல போய் ரெண்டு வாஷரையும் காட்டினேன். வேலை செஞ்ச பையன் புதுசு, காது எதுக்குன்னு அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கல. முதலாளி முன்னாடியே அவனுக்கு மடக்கிக் காட்டிட்டு வந்தேன்.

வால்பாறை டிரைவர்

நல்ல காரியம். புது பேரிங் கொஞ்சம் படியும். 200, 300 கிலோமீட்டர் ஓடினதும் ஒரு தடவை தூக்கி ஆட்டிப் பாத்துடுங்க.

போடி ஏலத்தோட்டம் (அடுத்த வாரம், வெள்ளி)

260 கிலோமீட்டர் ஆச்சு. தூக்கிப் பாத்தேன், ரெண்டு பக்கமும் அப்படியே நிக்குது. மெட்டு இறங்கி வந்து தொட்டா ரெண்டு ஹப்பும் ஒரே சூடு. 50ல போனாலும் டயர் ஓடுற சத்தம் மட்டும்தான். நாளைக் காலையில இருந்து ஆள் ஏத்துறேன் தங்கச்சி.

கம்பத்துப் பொண்ணு

சரிங்கண்ணா. பாத்துப் போயிட்டு வாங்க.